ஊன்றுகோலும் உத்தியோகமும்

1988-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், மத்திய சர்க்கார் காரியாலயத்தின் வாசலில் ஒரு சிறு கூட்டம் கூடியிருந்தது. கூட்டத்தின் நடுவே நாற்பத்திரண்டு வயதுள்ள ஒரு மனிதர். சிறு பிராயத்தில் கண்ட இளம்பிள்ளை வாதம் அவருடைய முதுகெலும்பை வளைத்து, கைகளை முடக்கி விட்டிருந்தது. அவர் எதிரே ஒரு புத்தகம். அச்சு வாசனை மாறாத புதுப் புத்தகம். பார்த்துக்கொண்டிருந்தோர் முன்னிலையில் அந்தப் புத்தகத்தை அவர் தீக்கு இரையாக்கினார்.

அது யாருடைய புத்தகம் என்று கேட்கிறீர்களா? அவர் எழுதிய புத்தகமேதான்!

பிறர் எழுதிய நூலைப் பிடிக்காமல் கொளுத்தியவர்கள் சரித்திரத்தில் அநேகர் உண்டு. தன் தறியில் தானே நெய்த துணிக்குத் தீ வைக்கும் நெசவாளியை யாராவது கண்டதுண்டா? அப்படி ஒரு காரியத்தை ஒரு படிப்பாளி ஏன் செய்தார்? அவருக்குச் சித்தப்பிரமை இல்லை. கணக்குத்தான் காரணம். வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு. இருபது வருஷங்களாகக் கரும்பலகை முன் நின்று கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் என்ற உரிமையில், அந்தக் கணக்கை வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

பேனாவைக் கவ்விய வாய்

அந்த மனிதரின் பெயர் பால் லாங்மோர். 1946-ல் பிறந்தவர். 1953-ல், ஏழாவது வயதில், அவரை வியாதி பிடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் கைகள் வழங்கவில்லை. இரவு முழுவதும், பகலிலும் சில மணி நேரம், சுவாச யந்திரத்தின் உதவியால்தான் மூச்சு விட முடிந்தது. உடுத்தவும் உண்ணவும் ஓர் உதவியாள் அருகே இருக்க வேண்டும்.

ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்து சரித்திரம் படித்தார். 1984-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். எழுதினார் என்று நாம் சுலபமாகச் சொல்லி விடுகிறோம். பேனாவை வாயிலே கவ்விக்கொண்டு, அதன் முனையால் விசைப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி அவர் அந்நூலை உண்டாக்கினார். பத்து வருஷப் பிரயாசை! 1988-ல் காலிபோர்னியா சர்வகலாசாலைப் பதிப்பகத்தார் அதைப் பிரசுரித்தார்கள்.

புத்தகம் வெளிவந்தால் ஆசிரியருக்குச் சொற்பமாவது ராயல்டி வரும் அல்லவா? அங்கேதான் வினை வந்து சேர்ந்தது. லாங்மோர் சர்க்கார் உதவியில் ஜீவித்து வந்தவர். உதவித்தொகையைச் சார்ந்துதான் அவருடைய வைத்தியச் செலவும், சுவாச யந்திரமும், உதவியாளின் கூலியும் சர்க்காரால் நடந்து வந்தன. அப்போதிருந்த விதிப்படி, கூலியாகவோ சம்பளமாகவோ வந்த பணம் "உழைத்துப் பெற்ற வருமானம்". அதற்குச் சில சலுகைகள் உண்டு. ராயல்டி பணமோ "உழையாமல் வந்த வருமானம்" என்ற பத்தியில் எழுதப்பட்டது. வாயால் பேனாவைக் கவ்விப் பத்து வருஷம் பாடுபட்டவனுக்கு, "நீ உழைக்கவில்லை" என்று ஒரு நற்சாட்சிப் பத்திரம்!

உழையாமல் வந்த வருமானத்துக்கு அந்தச் சலுகைகள் இல்லை. அது ஓர் அளவைத் தாண்டினால் உதவித்தொகை நிற்கும். தொகை நின்றால் யந்திரமும் உதவியாளும் போக நேரும். புத்தகம் எழுதிய பாவத்துக்கு மூச்சையே அபராதமாகக் கட்ட வேண்டிய நிலைமை. ஆகவேதான், புத்தகத்தை எரித்துக் காட்டினார். தீயை நாடே பார்த்தது.

சட்டத்தின் விடுகதை

முன்காலத்து ஏடுகளில் இத்தகையோரை "அங்கஹீனர்" என்று எழுதுவார்கள். அந்தச் சொல் இப்பொழுது வழக்கொழிந்தது; ஒழிந்தது நல்லதே. மாற்றுத்திறனாளர் என்று சொல்கிறோம். சொல் மாறியது போல் சட்டமும் மாறியதா என்பதுதான் நமது கேள்வி.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதில் 1935-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி கையெழுத்திட்டவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவரே இளம்பிள்ளை வாதத்தால் 1921-ல் கால்களின் பலத்தை இழந்தவர் என்பது உலகறிந்த விஷயம். ஆயினும் அவருடைய சட்டத்தில் முதியோருக்கும் வேலையற்றோருக்கும் கண்ணற்றோருக்கும் இடமிருந்ததே தவிர, கால் முடங்கிய தொழிலாளிக்கு உதவித்தொகை இருக்கவில்லை. வேலை செய்ய முடியாமற் போன தொழிலாளிக்கான இன்ஷூரன்ஸ் உதவி, இருபத்தோரு வருஷம் கழித்து, 1956-ல்தான் ஏற்பட்டது. அதுவும் ஐம்பது வயது நிரம்பியோருக்கே. 1960-ல் அந்த வயது நிபந்தனையை எடுத்தார்கள்.

இன்ஷூரன்ஸ் உதவி, சம்பளத்திலிருந்து வரி கட்டியவர்களுக்கு உரியது. வரி கட்டும் அளவுக்கு வேலை பார்த்தே இராத ஏழைகளுக்கு வேறொரு உதவி, 1972-ல் சட்டமாகி 1974 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. முன்னதை "இன்ஷூரன்ஸ் உதவி" என்றும், பின்னதை "வறியோர் உதவி" என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். இரண்டும் மாதா மாதம் பணமாக வரும். பெரும்பாலும் முதலாவதுடன் மெடிகேர் என்ற வைத்திய வசதியும், இரண்டாவதுடன் மெடிகெய்டு என்ற வைத்திய வசதியும் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு வாசல் உண்டு. "தேகக் குறையோ மனக் குறையோ காரணமாக, குறிப்பிடத்தக்க உத்தியோகம் எதையும் என்னால் செய்ய முடியாது; இந்நிலை பன்னிரண்டு மாதமாவது நீடிக்கும்" என்று வைத்தியர்களின் அத்தாட்சியுடன் நிரூபித்தாலன்றி அந்த வாசல் திறவாது. நிரூபிப்பதும் இலேசல்ல. மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், மனுவும் மேல்மனுவுமாக அலைய வேண்டியிருக்கும்.

இப்பொழுது விடுகதையைக் கவனியுங்கள். "என்னால் முடியாது" என்று நிரூபித்தவனுக்கே உதவி. உதவி கிடைத்து, மருந்து கிடைத்து, உதவியாள் கிடைத்து, கொஞ்சம் தெம்பு வந்ததும் அவன் "என்னால் முடியும்" என்று எழுந்து நின்றால், உதவி போய்விடும். உதவி போனால் மீண்டும் முடியாது! ஊன்றுகோலைக் கொடுத்து, "நட" என்று சொல்லி, இரண்டு அடி வைத்ததும், "நீதான் நடக்கிறாயே!" என்று கோலைப் பிடுங்கிக்கொள்வதற்கு இது சமானம்.

இந்த நிலையில், வேலைக்குப் போகாதவனைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நா எழுமா? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக முடிந்துவிடுமோ என்று அவன் அஞ்சுகிறான். நாளைக்கு முதலாளி சீட்டைக் கிழித்துவிட்டால் அவனுக்கு வேலையும் இல்லை, உதவியும் இல்லை.

முதற் கணக்கு

நிற்க. சட்டம் செய்தோரும் இந்தத் தவறை அறியாமலில்லை. சிறிது சிறிதாகப் படிக்கட்டுகள் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவற்றைக் கணக்காகப் பார்ப்போம்.

வறியோர் உதவி பெறும் ஒரு தனி மனிதருக்கு, வேறு வருமானமே இல்லையென்றால், 2025-ல் மத்திய சர்க்கார் கொடுத்த உச்சத் தொகை மாதம் 967 டாலர். அவருக்கு ஒரு கடையில் பாதி நேர வேலை கிடைத்து, மாதம் 885 டாலர் சம்பளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 885 டாலர் வந்ததென்று உதவியில் 885 டாலரையும் வெட்டி விடுவார்களோ? மாட்டார்கள். முதலில் 20 டாலர் பொதுச் சலுகையாகக் கழியும். பிறகு உழைத்துப் பெற்றதற்கென்று 65 டாலர் கழியும். மீதி 800. அதிலும் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆக, 400 டாலர். உதவி 967-லிருந்து 567 ஆகக் குறையும். சம்பளம் 885, உதவி 567; கூட்டினால் 1,452. சும்மா இருந்த காலத்தைக் காட்டிலும் 485 டாலர் அதிகம்.

உழைத்தால் இலாபம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. அநேகர் இதை அறியாமலேயே, "ஒரு டாலர் சம்பாதித்தாலும் எல்லாம் போய்விடும்" என்று வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள். கணக்குத் தெரியாமையும் ஒரு முடம்தான்.

ஆனால் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதில் ஒரு குறையும் தென்படுகிறது. அந்த 20 டாலரும் 65 டாலரும் 1974-ல் எப்படி இருந்தனவோ அப்படியே இன்றும் இருக்கின்றன. அன்று உச்ச உதவியே மாதம் 140 டாலர். 65 டாலர் அதில் ஏறக்குறையப் பாதி. 2025-ல் உதவி 967 டாலர். 65 டாலர் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. விலைவாசி ஏற ஏற உதவித்தொகையை உயர்த்தியவர்கள், உழைப்புக்கான சலுகையை மட்டும் ஐம்பது வருஷமாக மறந்துவிட்டார்கள். சலுகையை ஒழிக்க வேண்டுமென்று எவரும் சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. சும்மா விட்டுவிட்டாலே போதும், தானே தேய்ந்துவிடும்.

இரண்டாவது கணக்கு

இன்ஷூரன்ஸ் உதவியின் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே முதலில் கிடைப்பது ஒரு வெள்ளோட்டம். 1960-ல் ஏற்பட்டது. ஒன்பது மாதங்கள் வரையில் வேலை செய்து பார்க்கலாம். சம்பளம் எவ்வளவானாலும் உதவி முழுமையாக வரும். ஒன்பது மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அறுபது மாத காலத்துக்குள் விட்டு விட்டு வந்தாலும் சரியே. 2025-ல், 1,160 டாலருக்கு மேல் சம்பாதித்த மாதந்தான் வெள்ளோட்ட மாதமாக எண்ணப்பட்டது.

வெள்ளோட்டம் முடிந்தபின் முப்பத்தாறு மாதங்களுக்கு ஒரு பாதுகாப்புக் காலம். இதில் "குறிப்பிடத்தக்க உத்தியோகம்" என்பதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள். 2025-ல் அந்த எல்லை மாதம் 1,620 டாலர், கண்ணற்றோருக்கு 2,700. சம்பளம் எல்லையைத் தாண்டாத மாதத்தில் உதவி வரும். தாண்டிய மாதத்தில் வராது. முதன்முறை தாண்டும்போது மட்டும் அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதங்களும் கருணையாக விடப்படும்.

சமீபத்தில் என் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "ஒருவருக்கு இன்ஷூரன்ஸ் உதவி 1,500 டாலர். சம்பளம் 1,600 டாலர். மொத்தம் எவ்வளவு?"

"3,100, சார்!" என்றார்கள்.

"முதலாளி அவருடைய வேலையை மெச்சி 100 டாலர் சம்பளம் உயர்த்துகிறார். இப்பொழுது?"

வகுப்பு நிசப்தமாகி விட்டது. 1,700 டாலர் என்பது எல்லைக்கு மேல். உதவி பூஜ்யம். 3,100 இருந்த இடத்தில் 1,700! கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அந்த நூறு டாலர் வேண்டாம் என்று முதலாளியிடம் கும்பிடு போட்டுச் சொல்லிவிடலாமே!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அமெரிக்காவில் உண்மையாகவே இப்படிக் கும்பிடு போடுவோர் உண்டு. எல்லைக்குக் கொஞ்சம் கீழே சம்பளம் நிற்கும்படி வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள். பதவி உயர்வை மறுக்கிறார்கள். வறியோர் உதவியில் சரிவு உண்டு. இன்ஷூரன்ஸ் உதவியிலோ மாடிப்படியின் கடைசிப் படிக்கு அப்பால் ஒரு கிணறு இருக்கிறது.

அந்தக் கிணற்றின் மீது போட்ட பலகை ஒன்றையும் மாணவர்களுக்குக் காட்டினேன். வேலைக்குப் போவதற்காகவே, தம் குறையின் காரணமாகக் கைப்பணத்திலிருந்து செய்யும் செலவைச் சம்பளத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம். அந்த 1,700 டாலர்காரர், காலையில் தம்மைக் குளிப்பாட்டி உடுத்தி வேலைக்கு அனுப்பும் உதவியாளுக்கு மாதம் 150 டாலர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காரியாலயத்தில் ரசீதுடன் காட்டினால், அவருடைய சம்பளம் 1,550 டாலராகவே எண்ணப்படும். எல்லைக்குள் வந்துவிட்டார்! உதவியும் நின்றுபோகாது. ஒரு துண்டு ரசீது 1,500 டாலரைக் காப்பாற்றி விடுகிறது. ரசீதைக் குப்பைத் தொட்டியில் போட்டவரின் கதியோ சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு உதவி முற்றிலும் நின்று, பிறகு அதே குறையால் வேலையும் போய்விட்டால் என்ன செய்வது? ஐந்து வருஷங்களுக்குள் கேட்டால், புது மனுவின் நீண்ட வரிசையில் போய் நிற்காமல், பழைய உதவியைத் திரும்பப் பெற மனுச் செய்யலாம். விசாரணை நடக்கையில் ஆறு மாதம் வரையில் தற்காலிகத் தொகையும் கிடைக்கும். இந்த ஏற்பாடு 1999-ம் வருஷச் சட்டத்தால் வந்தது.

பணமா, மூச்சா?

இவ்வளவு நேரம் டாலர்களைப் பற்றியே பேசினோம். உண்மையில் மாற்றுத்திறனாளர்கள் அஞ்சுவது பணத்துக்காக மட்டுமல்ல. லாங்மோருக்கு மாதத் தொகையைக் காட்டிலும் சுவாச யந்திரம் பெரிது. அந்நாட்டில் வைத்தியச் செலவு மலை போன்றது. பெரும்பாலோர் முதலாளியின் மூலம் கிடைக்கும் இன்ஷூரன்ஸைக் கொண்டே சமாளிக்கிறார்கள். பாதி நேர வேலைக்காரனுக்கு அநேகமாக அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும், அன்றாடம் வீட்டுக்கு வந்து தூக்கி உட்கார வைக்கும் உதவியாளின் கூலியை அந்த இன்ஷூரன்ஸ்கள் கொடுப்பதில்லை. மெடிகெய்டு கொடுக்கும்.

ஆதலால், "வேலைக்குப் போனாலும் வைத்திய வசதி தொடரும்" என்ற உறுதிதான் எல்லாவற்றிலும் பெரிய படிக்கட்டு. 1980-ல் வறியோர் உதவிக்காரர்களுக்கு இதை மூன்று வருஷப் பரீட்சையாகத் தொடங்கினார்கள். 1986-ல் நிரந்தரச் சட்டமாக்கினார்கள். இதன்படி, சம்பளம் ஏறி உதவித்தொகை பூஜ்யமாகி விட்டாலும், அந்தந்த மாகாணத்துக்கு வகுத்துள்ள ஒரு வருமான எல்லை வரையில் மெடிகெய்டு நிற்காது. இன்ஷூரன்ஸ் உதவிக்காரர்களுக்கு, வெள்ளோட்டம் முடிந்தபின் குறைந்தது 93 மாதங்கள் மெடிகேர் தொடரும். ஏழே முக்கால் வருஷம்! இதை அறியாமல் கிடைத்த உத்தியோகத்தைக் கைநழுவ விட்டவர்களை எண்ணினால் பரிதாபமாக இருக்கிறது.

1986-ம் வருஷச் சட்டம் வந்துவிட்டதே, அப்படியிருக்க 1988-ல் லாங்மோர் ஏன் புத்தகத்தை எரிக்க வேண்டும் என்று கூர்மையான வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் காப்பு "உழைத்துப் பெற்ற" வருமானத்துக்கு மட்டுமே. ராயல்டி "உழையாமல் வந்தது" அல்லவா! ஒரு பெரிய சட்டத்தின் கதவு, ஒரு சிறு சொல்லின் தாழ்ப்பாளால் அவருக்கு மூடிக் கிடந்தது.

உண்டியலுக்கும் ஓர் எல்லை

வறியோர் உதவி பெறுகிறவர் சேமிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. தனி மனிதரிடம் 2,000 டாலருக்கு மேலும், தம்பதிகளிடம் 3,000 டாலருக்கு மேலும் சொத்து இருத்தலாகாது. குடியிருக்கும் வீடும், ஒரு மோட்டார் வண்டியும் இதில் சேரா. இந்தத் தொகைகள் 1989 முதல் மாறவில்லை. வேலைக்குப் போகலாம், சம்பாதிக்கலாம். ஆனால் சம்பாதித்ததில் நாலு காசு மிச்சம் பிடித்தால் குற்றம். சிக்கனத்தைப் புண்ணியம் என்று குழந்தைகளுக்குப் போதிக்கும் எங்களைப் போன்ற வாத்தியார்கள் அந்த ஊரில் என்ன சொல்லுவார்களோ!

2014-ல் இதற்கும் ஒரு சாளரம் திறந்தார்கள். ஏபில் கணக்கு என்று பெயர். குறை இளம் வயதில் ஏற்பட்டவர்கள் தங்கள் பெயரில் அந்தச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். அதில் 1,00,000 டாலர் வரையில் இருந்தாலும் வறியோர் உதவிக்குப் பங்கமில்லை. குறை இருபத்தாறு வயதுக்குள் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று முதலில் விதித்தார்கள். 2026 ஜனவரி முதல் அது நாற்பத்தாறு வயது என்று தளர்த்தப்பட்டது. ஐம்பதாவது வயதில் விபத்தில் கால் இழந்தவருக்குப் பழைய 2,000 டாலர் எல்லைதான்.

வேலையைத் தேடுவது எப்படி?

உதவியைக் காப்பது பாதிக் கதை. வேலை கிடைக்க வேண்டுமே! 1990-ல் வந்த ஒரு சட்டம், தகுதியுள்ள மாற்றுத்திறனாளரை முதலாளிகள் குறையைக் காரணம் காட்டி ஒதுக்கலாகாது என்றது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்துள்ள ஸ்தாபனங்களுக்கு அது பொருந்தும். வேலை தருவதாகச் சொல்லுமுன், "உமக்கு என்ன வியாதி?" என்று கேட்கக்கூடாது. "இந்த வேலையை உம்மால் செய்ய முடியுமா?" என்று மட்டுமே கேட்கலாம். சாய்தளம், படித்துக் காட்டும் யந்திரம், மாற்றி அமைத்த வேலை நேரம் ஆகிய நியாயமான சௌகரியங்களைத் தம் சக்திக்கு உட்பட்டு முதலாளி செய்து கொடுக்கவும் வேண்டும்.

1999 டிசம்பர் 17-ந் தேதி ஜனாதிபதி கிளிண்டன், வாஷிங்டன் நகரிலுள்ள ரூஸ்வெல்ட் ஞாபக மண்டபத்தில் மற்றொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். "வேலைக்கு ஒரு டிக்கெட்" என்பது அதன் பெயர். பதினெட்டு முதல் அறுபத்து நாலு வயது வரையில் உதவி பெறுகிறவர்களுக்கு இந்த டிக்கெட் உண்டு. இதைக் கொண்டு, அங்கீகாரம் பெற்ற வேலை உதவி ஸ்தாபனங்களில் தமக்குப் பிடித்த ஒன்றிடம் போகலாம். பயிற்சியோ, விண்ணப்பம் எழுதும் உதவியோ, வேலையில் அமர்ந்த பின் ஆலோசனையோ பெறலாம். செலவு ஒன்றுமில்லை. அவர் சம்பாதிக்கத் தொடங்கும்போது சர்க்கார் அந்த ஸ்தாபனத்துக்குப் பணம் கொடுக்கும். கட்டாயமும் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, டிக்கெட்டைப் பயன்படுத்தி ஒழுங்காக முன்னேறி வரும் வரையில், "உமது வியாதி குணமாகி விட்டதா?" என்று வைத்திய மறுபரிசோதனைக்குக் கூப்பிட மாட்டார்கள். கணக்குப் போட்டுக் காட்டும் இலவச ஆலோசகர்களும் இருக்கிறார்கள். வேலையில் சேருமுன் அவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர் பாக்கியசாலி.

சேர்ந்த பிறகு மறக்கக் கூடாத கடமை ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் உடனுக்குடன் காரியாலயத்துக்குத் தெரிவித்து, தெரிவித்ததற்கு ஆதாரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். தெரிவிக்காமல் விட்டாலும், தெரிவித்ததை அவர்கள் தாமதமாகப் பதிந்தாலும், பழைய உதவியே வந்துகொண்டிருக்கும். இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வரும்: "உமக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம். ஆயிரக்கணக்கான டாலரைத் திருப்பிக் கட்டும்." செலவழிந்த பணத்தை ஏழை எங்கிருந்து கட்டுவான்? இந்தக் கடிதத்தின் பயமே பலரை வீட்டுக்குள் முடக்கி வைத்திருக்கிறது.

இத்தனை படிக்கட்டுகளும் இருந்தும், வேலையின் மூலம் உதவிப் பட்டியலிலிருந்து விலகுவோர் இன்றும் மிகச் சொற்பமே. பெரும்பாலோருக்கு வியாதியின் கடுமையே காரணம். மற்றவர்களுக்கோ, இந்த விதிகளின் சிக்கலும் ஒரு காரணம். சிலந்திக் கூட்டைப்போல் பின்னிய விதிகளைப் புரிந்துகொள்ளவே ஒரு உத்தியோகஸ்தனின் மூளை வேண்டியிருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவனிடம் போய், "விதிகளைப் படித்துவிட்டு வா" என்றால் என்ன செய்வான்?

"தகுதியற்றவர்" தலைவரானார்

லாங்மோரைப் போலவே 1953-ல் அதே வியாதிக்கு ஆளான மற்றொருவர் எட் ராபர்ட்ஸ். அப்போது அவருக்குப் பதினாலு வயது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்தது. இரும்பு சுவாசப் பெட்டிக்குள் படுத்தே தூங்க வேண்டியதாயிற்று. கல்லூரியில் படிக்க உதவி கேட்டு, காலிபோர்னியா மாகாணத்தின் தொழில் மறுவாழ்வு இலாகாவுக்கு மனுச் செய்தார். "இவருடைய குறை மிகக் கடுமையானது, இவர் வேலை செய்யத் தகுதியற்றவர்" என்று மறுத்தார்கள். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் விடாமல் போராடி, பத்திரிகைகளில் விஷயம் வெளியான பிறகே உதவி கிடைத்தது. 1962-ல் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

1975-ல் அந்த மாகாண கவர்னர், ராபர்ட்ஸை அதே மறுவாழ்வு இலாகாவுக்குத் தலைவராக நியமித்தார்! "தகுதியற்றவர்" என்று எழுதிய காகிதம் இருந்த காரியாலயத்தின் நாற்காலியில் அவரே போய் அமர்ந்தார். உதவியாளும் சுவாசக் கருவியும் அவருக்கு எப்போதும் தேவையாகவே இருந்தன. ஆனால் அவை இருந்த வரையில் அவரால் ஓர் இலாகாவையே நடத்த முடிந்தது.

உதவியா, உத்தியோகமா என்று கேட்பதே பிசகு என்பது இதனால் விளங்கவில்லையா? மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறவன் நான். "நீதான் நன்றாகப் படிக்கிறாயே, இனிமேல் கண்ணாடி எதற்கு?" என்று யாரும் என் மூக்கிலிருந்து அதைக் கழற்றவில்லை. கண்ணாடி இருப்பதனால்தான் படிக்கிறேன். சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குச் சுவாச யந்திரம், சிலருக்குக் காலையில் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடும் ஓர் ஆள். விலைதான் வித்தியாசம். இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டம் எழுதுகிற நாடு எதுவாயினும், அங்கே மாற்றுத்திறனாளர் தாமே வேலை தேடி வருவார்கள்.

லாங்மோரின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேனே! அவர் மூட்டிய தீ வீண் போகவில்லை. 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. எழுத்தாளரின் ராயல்டியும் இனி "உழைத்துப் பெற்ற வருமானம்" என்றே எண்ணப்படும் என்று ஏற்பட்டது. அந்தத் திருத்தத்தை அவருடைய பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அவர் ஸான் பிரான்ஸிஸ்கோ மாகாண சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியராகி, பல வருஷம் பாடம் சொன்னார். 2003-ல் தம் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, புத்தகத்தை எரித்த கதையையே நூலின் தலைப்பில் வைத்தார். 2010-ல், அறுபத்து நாலாவது வயதில் காலமானார்.

பத்து வருஷம் உழைத்தவர், "நான் உழைத்தேன்" என்று சர்க்காரை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அதற்கு விலையாக ஒரு புத்தகம் சாம்பலாயிற்று. எரிந்தது ஒரு பிரதிதான்; மற்றப் பிரதிகள் புத்தகசாலைகளில் இருக்கின்றன.